சல்லடையும் கப்பியும்

1

விமர்சனம் என்று வந்தால் நாம் இரண்டு கருவிகளின் பெயரைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒன்று தராசு, மற்றது உரைகல். உரைகல்லுக்கு ஆங்கில வழியிலும் ஒரு மரியாதை உண்டு. மாத்யூ அர்னால்ட் 1880ல் கவிதையைப் பற்றி எழுதிய கட்டுரையில், பெருங்கவிகளின் சில வரிகளை மனசில் வைத்துக்கொள், புதிதாக வருவதை அவற்றோடு உரசிப் பார் என்றார். ஆங்கிலம் எடுத்து பி.ஏ. படித்தவர்களுக்கெல்லாம் இது மனப்பாடம்.

ஆனால் உரைகல்லை நான் புத்தகத்துக்கு வெளியிலும் பார்க்கிறேன். நான் வேலை செய்யும் வங்கியில் நகைக் கடன் உண்டு. மதிப்பீட்டாளர் ஒவ்வொரு நகையாக எடுக்கிறார். கல்லில் இழுக்கிறார். கோட்டின் மேல் ஒரு துளி அமிலம் விடுகிறார். கோடு என்ன ஆகிறது என்று காத்திருக்கிறார். பத்து நகை இருந்தால் பத்து முறை. கொஞ்சம் தங்கம் கல்லில் தங்கிவிடுவதால் நகைக்கும் அதில் ஒரு நஷ்டம் உண்டு. உரசுகிறவனும் உரசப்படுவதும் ஒன்றை ஒன்று தொட்டாக வேண்டும்.

நம் விமர்சகர்கள் இப்படிச் செய்கிறார்களா? மாதம் வரும் புத்தகங்களின் எண்ணிக்கையையும் நமக்குக் கிடைக்கும் நேரத்தையும் பார்த்தால் அது சாத்தியமில்லை என்பது தெரியும். நாம் பயன்படுத்துவது சல்லடை. அதன் பெயரைச் சொல்லத்தான் கூச்சப்படுகிறோம். சமையலறைச் சாமான் என்பதாலோ என்னவோ, தத்துவத்தில் அதற்கு இடம் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

சல்லடை ஒவ்வொன்றாகப் பார்க்காது. குவியலாக வாங்கி, ஒரே ஓர் அளவை வைத்துக்கொண்டு குவியலை இரண்டாக்கும். அதன் துளைகளைத் தமிழில் கண் என்கிறோம். ஆயிரம் கண் இருந்தும் ஒன்றும் பார்க்காத வஸ்து அது. தன் கண்ணைவிடச் சிறியது கீழே போகிறது, பெரியது மேலே நிற்கிறது. இவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இரண்டில் எது நமக்கு வேண்டியது என்பது அதற்குத் தெரியாது. மாவு சலிக்கும்போது கீழே விழுந்தது வேண்டும். துவரையைச் சலித்துத் தூசு போக்கும்போது மேலே நிற்பது வேண்டும். கட்டட வேலையில் சாய்த்து நிறுத்திய சல்லடையின் மேல் மணலை வாரி வீசுகிறார்கள். கீழே விழுந்த நைஸ் மணல் பூச்சுக்கு, வழுக்கி இறங்கிய கப்பி கான்கிரீட்டுக்கு, இரண்டுமே வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் எரடோஸ்தனிஸ் பெயரால் கணிதத்தில் ஒரு சல்லடை இருக்கிறது. இரண்டின் மடங்குகளை அடி, மூன்றின் மடங்குகளை அடி, ஐந்தின் மடங்குகளை அடி என்று போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் எதாலும் வகுபடாத எண்கள் மட்டும் எஞ்சும். அந்த எச்சத்துக்காகத்தான் அவ்வளவு வேலையும்.

ஆகவே சல்லடை தீர்ப்புச் சொல்வதில்லை. கண்ணை எந்த அளவில் வைப்பது என்று முன்பே ஒருவன் தீர்மானித்திருக்கிறான். விழுந்ததா நின்றதா, எது உணவு என்று பின்னால் ஒரு கை தீர்மானிக்கிறது. நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் சல்லடையின் பெயரில் இந்த இரண்டு பேரும் ஒளிந்துகொள்கிறார்கள். தார்மீகப் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2

தமிழில் சல்லடை இனத்தை ஒரு நீதியாகப் பேசிய பழைய இடம் நன்னூல். மாணாக்கரில் தலையானவர் அன்னத்தையும் பசுவையும் போன்றவர். இடையானவர் மண்ணையும் கிளியையும் போன்றவர். கடையானவர் ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் என்று பவணந்தி அடுக்குகிறார். நெய்யரி என்பது பன்னாடை. தென்னை, பனை மட்டையின் அடியில் வலை மாதிரிப் பின்னி நிற்கும் நார். நெய்யையும் கள்ளையும் அதில் வடிப்பார்கள். நெய்யை விட்டுவிட்டுக் கசண்டைப் பிடித்துக்கொள்வதால் அது மோசமான மாணாக்கனுக்கு உவமையாயிற்று. இன்றைக்கும் தெருவில் ஒருவனைப் பன்னாடை என்று திட்டுகிறோம். திட்டுகிறவனுக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

பிளேட்டோவும் இதற்குக் கிட்ட வருகிறார். கார்கியஸ் உரையாடலில், அறிவில்லாதவர்கள் மறு உலகில் சல்லடையால் நீர் மொண்டு ஓட்டைப் பானையை நிரப்பிக்கொண்டே இருப்பதாக ஒரு கதை வருகிறது. சல்லடை என்பது அவர்களுடைய ஆன்மாவாம். பிளேட்டோவின் சல்லடைக்கு எதுவுமே தங்காததுதான் குற்றம். பவணந்தியின் நெய்யரிக்கோ தவறானது தங்குவது குற்றம். மனித சுபாவத்தைப் பார்த்தால் பவணந்திதான் கூர்மையாகச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றுமே ஞாபகமில்லாதவர்களைவிட, படித்ததில் வம்பை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர்கள்தான் நம்மிடையே அதிகம்.

ஆனாலும் நெய்யரிக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது மாணாக்கனாக மோசம். வடிகட்டியாக அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. கசண்டு தன்னிடம் தங்கினால்தான் கீழே இருக்கும் கலத்தில் நெய் சுத்தமாக இறங்கும். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். நெய்யரிக்குள்ளே எட்டிப் பார்த்தால் அழுக்கு. கலத்துக்குள்ளே எட்டிப் பார்த்தால் நெய். ஒரே செயலுக்கு ஓரிடத்தில் வசவும் இன்னோரிடத்தில் நன்றியும்.

பவணந்தி சமண முனிவர். அவருடைய சமயத்தில் வடிகட்டுவதற்கு வேறொரு அர்த்தம் இருந்தது என்பதை நன்னூல் நடத்துகிறவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. சமணர்கள் நீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பவர்கள். நம் சுத்தத்துக்காகத்தான் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் விதி அங்கே முடியவில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்களைக் கொஞ்சம் நீரால் அலசி, எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தோமோ அதிலேயே திரும்ப விட வேண்டும். வேறு நீரில் விட்டால் அவை பிழைக்காது என்பது எண்ணம். இந்த வடிகட்டலில் கீழே இறங்கியது தாகத்துக்கு. மேலே தங்கியதற்கோ ஒரு கடமை பாக்கி இருக்கிறது.

காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கு ஜினகாஞ்சி என்று பெயர். வாலாஜாபாத்திலிருந்து போய்வருகிற தூரம்தான். அந்தக் கோயிலின் விதான ஓவியங்களைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தத் துணியை நினைத்துக்கொண்டு போகிறேன். சல்லடையைப் பற்றி மனிதன் யோசித்ததில் ஆகச் சிறந்த யோசனை அந்தத் துணியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். எச்சத்தை வந்த இடத்துக்குத் திரும்பச் சேர்ப்பதையும் அது வடிகட்டலின் பகுதியாக வைத்திருக்கிறது.

3

இந்த யோசனைக்குச் சமண சாஸ்திரம் வரைக்கும் போகத் தேவையில்லை. அதிரசத்துக்கோ இடியாப்பத்துக்கோ அரிசியை ஊறவைத்து உரலில் இடித்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். இடித்ததைச் சலிப்பார்கள். சல்லடையில் கப்பி நிற்கும். அதை யாரும் எறிய மாட்டார்கள், மறுபடி உரலில் போடுவார்கள். இடித்து மறுபடி சலிப்பார்கள். மூன்றாவது முறையும் நிற்கிற சொற்பம், அடுத்து இடிக்கப் போகும் அரிசியோடு சேரும், அல்லது கஞ்சிக்குப் போகும். சித்த மருந்து செய்கிறவர்களிடமும் இதே ஒழுங்குதான். பொடியைத் துணியில் சலிப்பதை வஸ்திரகாயம் என்கிறார்கள். துணியில் தங்கிய திப்பி கல்வத்துக்குத் திரும்பும்.

உரலும் சல்லடையும் ஜோடி. கப்பிக்குச் சல்லடை சொல்வது 'நீ மாவில்லை' என்பதல்ல. 'இன்னும் மாவாகவில்லை' என்பது. இந்த 'இன்னும்' என்ற வார்த்தை இருக்கிற வரைக்கும் சல்லடை ஓர் அன்பான கருவி. உரலைப் பிரித்து எடுத்துவிட்டுச் சல்லடையை மட்டும் வைத்துக்கொண்டால் அது ஒரு ஸ்தாபனமாகிவிடுகிறது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். கப்பியை எல்லாம் திரும்பத் திரும்ப இடித்தால் எல்லாமே மாவாகிவிடுமா? கல்லும் அதில் இருக்காதா? இருக்கும். கல்லை இடித்தால் மாவு வராது, உலக்கைப் பூண்தான் தேயும். எல்லாம் சமம், எல்லாவற்றுக்கும் இடமுண்டு என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. கல்லைக் கல்லென்று கண்டுபிடிப்பது சல்லடையின் வேலையாக இருந்ததில்லை என்பதைத்தான் சொல்கிறேன். சல்லடையில் நின்றதை விரலால் அளைந்து பார்க்கிற கைதான் கல்லைக் கண்டுபிடிக்கிறது. கல் பெரியதாக இருந்தால் சல்லடை அதையும் கப்பியையும் ஒன்றாக நிறுத்திவைக்கும். பொடி மணலாக இருந்தால் மாவோடு மாவாகக் கீழே அனுப்பிவிடும். நறநறவென்று பல்லில் படும்போதுதான் நமக்குத் தெரிய வரும். நயமாக அரைபட்ட மணலுக்கு எந்தச் சல்லடையிலும் தடை கிடையாது. இலக்கிய உலகில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சலித்தல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் இருப்பதும் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. வேர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். சலித்துக்கொண்டே இருப்பவனுக்குச் சலிப்பு வருகிறது. சலிப்பு வந்தவன் முதலில் விடுவது கையால் அளைந்து பார்ப்பதை.

4

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919லும் 921லும் வெட்டியவை. குடவோலை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். தேர்தல் என்றாலே மேடையில் இதைச் சொல்லிப் பெருமைப்படுவது வழக்கமாகியிருக்கிறது.

கல்வெட்டை நிதானமாகப் படித்தால் குடத்துக்கு முன்னால் ஒரு சல்லடை நிற்பது தெரியும். இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதப் பயிற்சி இருக்க வேண்டும். முன்னால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் கூடாது. கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவனும் கூடாது. இந்தக் கண்களின் வழியே விழுந்தவர்களின் பெயர்கள் முப்பது குடும்புகளிலும் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்துக்குள் போகும். விவரமறியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பான். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மரியாதை உண்டு. கணக்குக் காட்டாதவனை நிறுத்திய கண் இன்றைய நம் தேர்தல்களில்கூட இவ்வளவு நெருக்கமாக இல்லை. குடமும் பெரிய விஷயம். சல்லடைக்குக் கீழே விழுந்தவர்களுக்குள் யார் உசத்தி என்று எங்களுக்குத் தெரியாது என்று சபையே ஒப்புக்கொண்டு சிறுவனிடம் விட்டது. தன் அறிவு எதுவரைக்கும் என்று தெரிந்த சபை அது.

ஆனால் 919ல் வயது வரம்பு முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். 921ல் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். முப்பத்திரண்டு வயதுக்காரன் ஒருவன் முதல் சல்லடையில் விழுவான். இரண்டு வருஷம் கழித்து, முப்பத்துநாலு வயதில், அடுத்த சல்லடையில் நின்றுவிடுவான். இரண்டு வருஷ அனுபவம் கூடியிருக்கிறது, ஆனாலும் அவனுக்கு வழி இல்லை. அவனிடம் எதுவும் கெட்டுப்போகவில்லை. கண்ணின் அளவு மாறிவிட்டது. அவனுக்காவது அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தது. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். நிலமில்லாதவன், வேதம் ஓத உரிமையில்லாதவன், பெண் ஆகியோருக்கு எத்தனை வருஷம் காத்திருந்தாலும் அந்தக் கண் பெரியதாகப் போவதில்லை. ஏரியில் தண்ணீர் நிற்பதும் நிற்காததும் அவர்கள் வயிற்றையும் தொடுகிற விஷயம். ஏரி வாரியத்தின் ஆறு பேரில் அவர்கள் இல்லை. அந்தக் கப்பிக்கு மறு உரல் இல்லை. கல்வெட்டைப் புகழ்வதற்கு முன்னால் இதையும் படிக்க வேண்டும். கல்வெட்டை இகழ்வதற்கு முன்னால் நம்முடைய சல்லடைகளையும் பார்க்க வேண்டும்.

என்னுடைய சல்லடை என் மேஜையிலேயே இருக்கிறது. கடன் கேட்டு வருபவனுக்கு இப்போது ஓர் எண் உண்டு, 300லிருந்து 900க்குள். முன்பு வாங்கிய கடனை எப்படிக் கட்டினான் என்பதை வைத்துக் கணக்கிடுகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மேலாளரின் ஜாதியும் சிபாரிசும் பார்த்துக் கொடுத்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வாழ்நாளில் வங்கியில் கடனே வாங்காத ஒருவன் வந்தால் எண் வராது. வரலாறு இல்லை என்று வரும். அய்யம்பேட்டையில் தறி நெய்து, மளிகைக் கடை நோட்டுக் கணக்கை மாதா மாதம் நேர் செய்து, கைமாத்து வாங்கியதைச் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுத்தே வயதான ஒருவனுக்கு வரலாறு இல்லை! அவனுக்கு இருக்கும் வரலாறு இந்தக் கண்ணுக்குப் பொருந்தும் உருவத்தில் இல்லை, அவ்வளவுதான். குமாஸ்தாவாகிய நான் திரையில் வந்ததைப் படித்துச் சொல்கிறேன். அவன் என் முகத்தைப் பார்க்கிறான். நான் திரையைப் பார்க்கிறேன். சல்லடையைச் செய்தவர்கள் அந்த அறையில் இல்லை.

அவனுடைய மளிகை நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்க்க ஒருவருக்கு அதிகாரமும் அரைமணி நேரமும் இருந்தால் அதுதான் மறு உரல். கண்ணைப் பெரியதாக்கச் சொல்லவில்லை. நின்றதை அளைந்து பார்க்க ஒரு கை வேண்டும் என்கிறேன்.

5

மறுபடி விமர்சனத்துக்கு வருகிறேன்.

அகப்பாடல்களைத் தொகுத்தவர்கள் ஒருவிதச் சல்லடை வைத்திருந்தார்கள். நாலடி முதல் எட்டடி வரை உள்ளவை குறுந்தொகை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை பெரும்பாலும் நற்றிணை. பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. இவ்வளவு பெரிய இலக்கியத்துக்கு இவ்வளவு ஜடமான அளவா என்று முதலில் தோன்றும். யோசித்துப் பார்த்தால் அதன் பெருந்தன்மை புரிகிறது. ஒரு கண்ணில் விழாததற்கு வேறொரு கலம் காத்திருக்கிறது. குறுந்தொகைக்கு நீளமானது அகநானூற்றுக்குப் போகும். நீளம் ஒரு குற்றமாகவில்லை. அளவு ஜடமாக இருந்ததால் அது மதிப்பு என்று வேஷம் போடவும் இல்லை.

நம் காலத்துச் சல்லடைகள் மதிப்பின் வேஷம் போடுகிறவை. யாப்பு ஒரு காலத்தில் சல்லடையாக இருந்தது. அதில் நின்றுபோன கப்பியை எடுத்து இடித்துப் பார்த்தது சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து', 1959லிருந்து 1970 வரை. பெரிய பத்திரிகைகளின் கண்ணில் விழாதவற்றுக்கு அது உரலாக இருந்தது. இன்று புதுக்கவிதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சிறுபத்திரிகை என்பதே கப்பியிலிருந்து பிறந்த ஜாதி என்று சொல்லலாம். அதனால்தான் நாம் கையில் சல்லடை எடுக்கும்போது நமக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது.

க.நா.சு.வைப் பட்டியல் போடுகிறவர் என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. அவர் தன் பட்டியலைத் தன் பெயரில் போட்டார். கண்ணின் அளவு தன் ரசனை என்று வெளிப்படையாகச் சொன்னார். சண்டைக்குப் போக விரும்பியவர்களுக்கு விலாசம் தெரிந்திருந்தது. அவருக்குப் பின்னால் பட்டியல்கள் நிற்கவில்லை, விலாசங்கள்தான் மறைந்தன. 'நவீனத்துவம் கூடிவரவில்லை', 'அனுபவம் சாரமாகவில்லை', 'அரசியல் தெளிவு போதாது' என்று சல்லடையே பேசுவது மாதிரி எழுதுகிறோம். கண்ணின் அளவை வைத்தவன் யார், எப்போது வைத்தான், போன வருஷமும் இதே அளவுதானா என்று கேட்க வழியில்லை. இந்த வாக்கியங்களில் வினைக்கு ஆள் இல்லை. எங்கள் வங்கிக் கடிதங்களிலும் இப்படித்தான்: தங்கள் மனு பரிசீலிக்க இயலாததாகக் கருதப்படுகிறது. யாரால்?

விமர்சகன் நெய்யரியாக இருக்கட்டும். நன்னூல் சொன்ன கேவலமான அர்த்தத்தையும் அவன் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வாசகனுக்கு நெய் இறங்கினால் இவனிடம் கசண்டு தங்கியே தீரும். அவனுடைய நினைவில் நல்ல வரிகளைவிட மோசமான வரிகள் அதிகம் இருப்பதற்காக அவனை யாரும் மெச்சப் போவதில்லை. அவன் பார்த்துக்கொள்ள வேண்டியது தன்னிடம் தங்கியதைக் கசண்டு என்று ஒருமுறையாவது விரலால் தொட்டுப் பார்த்தோமா என்பதைத்தான். தொடாமல் உதறியதில் எத்தனை கப்பி இருந்தது, எத்தனை உயிர் இருந்தது என்பதற்கு அவன்தான் ஜவாப்தாரி.

இதை ஒரு காரியமாகவே சொல்லி முடிக்கலாம். பத்திரிகை நடத்துகிற நண்பர்களிடம் ஒரு யோசனை. வருஷத்துக்கு ஓர் இதழுக்காவது, அந்த வருஷம் வேண்டாமென்று ஒதுக்கியதை எல்லாம் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் ஒதுக்கியவர் தவிர வேறு ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும். பிரசுரிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஏன் ஒதுக்கினோம் என்று எழுதியவனுக்கு ஒரு கார்டு, கீழே ஒருவருடைய கையெழுத்து. பெரும்பாலானவை அப்போதும் கல்லாகத்தான் இருக்கும். கல்லென்று சொல்லத்தான் வேண்டும். சொல்கிறவர் தொட்டுப் பார்த்துச் சொன்னார் என்பது அந்தக் கார்டில் தெரிந்தால் போதும்.